திறந்திருக்கும் ஒற்றைக் கண்ணி

ரயில் பெட்டியிலும் பேருந்து நிலையத்திலும் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலும் குரோஷா ஊசியும் நூல்கண்டுமாக அமர்ந்து பின்னிக்கொண்டிருப்பவர் அந்த இடத்தில் முழுமையாக இருக்கிறாரா, அல்லது உடலை அங்கே இருத்திவிட்டு மனத்தை வேறெங்கோ கொண்டுபோய்விட்டாரா என்னும் கேள்வி, மேலோட்டமான பார்வைக்கு வெறும் சபை நாகரிகம் பற்றியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் அடியில் கிடப்பது, சமய மரபுகள் பலவும் தத்தம் வழியில் விடை தேடிய பழைய கேள்வி: மனம் ஒருமைப்பட வேண்டுமானால் கை ஓய்ந்திருக்க வேண்டுமா, அல்லது கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் மனம் நிலைகொள்ளுமா? பொதுவிடத்தில் இக்கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அருகில் அமர்ந்திருக்கும் மனிதருக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு உண்டா என்பதே அது.

கை ஓய வேண்டும் என்னும் தரப்புக்கு மிகக் கூர்மையான சொற்களைத் தந்தவர்களுள் ஒருவர், பிரெஞ்சுக் கணித அறிஞரும் கிறிஸ்தவச் சிந்தனையாளருமான பிளேஸ் பாஸ்கல். 1662-இல் அவர் மறைந்தபின் 1670-இல் வெளியான ‘சிந்தனைகள்’ என்னும் தொகுப்பில், மனிதரின் துயரங்கள் யாவும் ஓர் அறைக்குள் அமைதியாக இருக்கத் தெரியாமையிலிருந்து பிறக்கின்றன என்று அவர் வாதிட்டார். வேட்டை, சூதாட்டம், போர், அரசவைப் பதவி ஆகிய யாவும் சாவையும் தன் வெறுமையையும் நினைக்காமல் தப்புவதற்காக மனிதன் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொள்ளும் திசைதிருப்பல்கள் என்பது அவர் கருத்து. இதே கட்டளைக்கல்லில் உரைத்தால், காத்திருப்புக் கூடத்தில் பின்னுகிறவரும் தன்னை விட்டுத் தப்பியோடுகிறவர்தாம் என்று சொல்லிவிட முடியும். எனினும் பாஸ்கல் எடுத்துக்காட்டும் செயல்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. வேட்டைக்காரனுக்கு வேண்டியது முயல் அல்ல, முயலைத் துரத்தும் பரபரப்பே என்றும், அதே முயலைச் சும்மா கொடுத்தால் அவன் வாங்கிக்கொள்ள மாட்டான் என்றும் அவரே காட்டுகிறார். குரோஷாவில் அந்தத் துரத்தல் இல்லை. அடுத்த கண்ணி எப்படி இருக்கும் என்பது முந்தைய கண்ணியிலேயே தெரிந்துவிடுவதால், அது சலிப்பிலிருந்து ஓடுவதற்குப் பயன்படுவதைவிடச் சலிப்புக்குள்ளேயே இருக்கப் பழகுவதற்கு அதிகம் பயன்படுகிறது. காத்திருக்கும் நேரத்தை அது குறைப்பதில்லை, அந்த நேரத்துக்குள் உட்கார ஓர் இடம் தருகிறது.

இந்த உண்மையை நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் தனித்து வாழ்ந்த கிறிஸ்தவத் துறவிகள் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருந்தார்கள். நண்பகல் வெயிலில் பொழுது நகராமல் நிற்கும்போது, இருக்கும் அறையும் செய்யும் தவமும் ஒருங்கே கசந்து, எங்கேனும் எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றும் ஆன்மிகச் சோர்வை அவர்கள் ‘அக்கேடியா’ என்று அழைத்து, தீய நினைவுகளுள் மிகக் கொடியதாக அதை எண்ணினார்கள். அவர்களுள் ஒருவரான அந்தோணியார் அத்தகைய சோர்வில் தவித்தபோது, தம்மைப் போன்ற உருவம் ஒன்று அமர்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும் கண்டு, அவ்வாறே செய்து சோர்வை வென்றார் என்று பாலைவனத் தந்தையரின் மரபுக் கதைகள் கூறுகின்றன. ஈச்ச ஓலையை நீரில் ஊறவைத்துப் பின்னுவது அவர்களுடைய அன்றாட வேலை. அவர்களைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜான் காசியன் தரும் ஒரு செய்தி இன்னும் ஆழமானது: சந்தையிலிருந்து ஏழு நாள் நடைத் தொலைவில் வாழ்ந்த பவுல் என்னும் துறவி, விற்க வழியில்லை என்று தெரிந்தும் ஆண்டு முழுவதும் ஓலை வேலை செய்து குகையை நிரப்பி, ஆண்டு முடிவில் அவ்வளவையும் தீயிட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். வேலையின் பயன் விளைபொருளில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சைவ மரபில் இதற்கு இணையான ஒருவர் நேச நாயனார். காம்பீலி என்னும் ஊரில் சாலியர் குலத்தில் தோன்றிய இவரைப் பற்றிச் சேக்கிழார் பெரியபுராணத்தில் மிகச் சில செய்யுள்களே பாடியிருக்கிறார். அற்புதம், சோதனை, பிறர் இகழ்ச்சி என்று வேறு அடியார்களின் வரலாற்றில் வரும் எதுவும் இவர் வரலாற்றில் இல்லை. மனத்தின் செயலைச் சிவன் திருவடிக்கும், வாக்கின் செயலை ஐந்தெழுத்துக்கும், கையின் செயலை அடியவர்க்கு வேண்டிய உடையும் கீளும் கோவணமும் நெய்வதற்கும் ஒப்படைத்தார் என்பதே முழு வரலாறு. மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்று கரணங்களும் ஒன்றுக்கொன்று இடையூறாகாமல் ஒரே வேளையில் தத்தம் தொண்டில் நிற்கக்கூடும் என்ற உறுதி அந்தச் சுருக்கத்திலேயே தெரிகிறது. ஹிப்போவின் ஆயர் அகஸ்தீனும் ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில், ஜெபத்தைக் காரணம் காட்டிக் கைவேலையை மறுத்த துறவிகளுக்கு எதிராக ‘துறவிகளின் வேலை’ என்னும் நூலை எழுதியபோது இதே வழியில்தான் வாதிட்டார்: கைத்தொழிலாளர் வேலையை விடாமலே நாடகமேடைப் பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்றால், துறவிகள் வேலை செய்துகொண்டே இறைப்பாடல்களைப் பாடுவதற்கு என்ன தடை என்பது அவர் கேள்வி.

இவர்கள் யாவரும் தத்தம் குகையிலோ மடத்திலோ தறியின் முன்னரோ இருந்தவர்கள். ஓடும் ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு முதியவர் பேச்சுத்துணைக்கு ஏங்கி அமர்ந்திருக்கும்போது அந்த விடை போதுமானதாக இல்லை. கைவேலை தன் மனத்தை ஒருமைப்படுத்துகிறது என்பது ஒருவருடைய சொந்தக் கணக்கு. அருகிலிருப்பவரின் கணக்கில் அதுவே புறக்கணிப்பாகப் பதிவாகலாம். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கு ஆன்மிக நூல்களை விட்டுச் சற்று விலகி, குரோஷா என்னும் வேலை எப்படி அமைந்திருக்கிறது என்பதையே உற்றுப் பார்ப்பது நல்லது.

குரோஷா என்பது முனையில் சிறு கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துக் கோத்துத் துணியாக்கும் பின்னல். இடக்கையின் ஆள்காட்டி விரலில் நூல் சுற்றி ஓடும். வலக்கையில் ஊசி இருக்கும். ஊசியின் மேல் ஒரு கண்ணி இருக்கும். கொக்கியால் நூலை வளைத்துப் பிடித்து அந்தக் கண்ணியின் வழியாக இழுத்தால், பழைய கண்ணி ஊசியை விட்டு இறங்கி முடிந்துவிடும், புதிய கண்ணி ஒன்று அதன் இடத்துக்கு வந்துவிடும். இதுவே சங்கிலிக் கண்ணி. மற்ற வகைகளில் கீழ்வரிசைக்குள் ஊசியைச் செலுத்தி நூலை மேலும் ஓரிரு முறை சுற்றி இழுப்பதுண்டு, ஆயினும் ஒவ்வொரு கண்ணியும் முடியும்போது ஊசியில் எஞ்சுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஊசிகளால் போடும் உல்லன் பின்னலில் ஒரு வரிசைக்கு நூறு கண்ணி என்றால் நூறும் ஊசியின் மேல் திறந்தே இருக்கும். வண்டி குலுங்கி ஊசி உருவிக்கொண்டால் அத்தனையும் கழன்று ஓடத் தயாராக நிற்கும். நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் லண்டன் மிஷன் சார்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தை வேலையோ, திண்டின் மேல் குத்திய ஊசிகளுக்கிடையே பல நூற்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. அதை மடியில் எடுத்துக்கொண்டு பயணம் போவது எளிதல்ல. குரோஷாவில் எந்த நொடியிலும் திறந்திருப்பது ஒற்றைக் கண்ணி. நிறுத்த வேண்டுமானால் அதைச் சற்று நீளமாக இழுத்துவிட்டு, அல்லது ஓர் ஊக்கை மாட்டிவிட்டுப் பைக்குள் வைத்துவிடலாம். நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடம் விட்டபடியே இருக்கும்.

எந்தக் கணத்திலும் குறுக்கீட்டுக்கு இடம் கொடுக்கக்கூடிய வேலை, அருகிலிருப்பவருக்குக் கதவை அடைக்காத வேலை. ஆகவே, கை வேலையில் இருக்கிறதா, ஓய்ந்திருக்கிறதா என்பதைவிட, அழைப்பு வரும்போது அந்த வேலை விட்டுக்கொடுக்குமா, விட்டுக்கொடுக்காதா என்பதே சரியான கேள்வி. கண்ணும் காதும் முழுமையாகத் திரைக்குள் போய்விடும் கைப்பேசிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பழகிய கை கண்ணியைத் தடவியே அறிந்துகொள்வதால், கண்கள் எதிரிலிருப்பவரின் முகத்துக்கு மிஞ்சுகின்றன. பாலைவனத் துறவிகளின் ஒழுங்கிலும் இந்த விட்டுக்கொடுத்தல் இருந்தது. விருந்தினர் வந்தால் எகிப்தியத் துறவிகள் தங்கள் நோன்பைத் தயங்காமல் முறித்து அவரோடு உண்டார்கள் என்று காசியன் வியப்போடு எழுதுகிறார். காரணம் கேட்டபோது, நோன்பு எந்நாளும் தன்னோடு இருப்பது, வந்தவரையோ எந்நாளும் வைத்துக்கொள்ள முடியாது என்ற பொருளில் ஒரு பெரியவர் விடையளித்தாராம். ஒரு பயிற்சி எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும், வந்து நிற்கும் மனிதருக்காக அதை நடுவில் நிறுத்தத் தெரியாதவரிடம் அது பயிற்சியாக இல்லாமல் பிடிவாதமாக மாறிவிடுகிறது.

எல்லா குரோஷாவும் ஒரே அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்னாசி வடிவம் வைத்த வட்ட மேசைவிரிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளை எண்ணிப் போட வேண்டும். நடுவில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால் எண்ணிக்கை தவறும், இரண்டு சுற்றுகள் தள்ளித்தான் தவறு தெரியவரும், அதுவரை போட்டதைப் பிரித்தாக வேண்டும். அதனால் எண்ணிக்கை வேலை செய்கிறவர் ஒரு விரலை உயர்த்தி ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று காட்டும்படி ஆகிவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் இதை அறிந்தே, பிறகு ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளக்கூடிய சிறு சதுரங்கள், ஒரே வகைக் கண்ணி திரும்பத் திரும்ப வரும் கழுத்துத்துணி ஆகியவற்றைப் பயணத்துக்கு எடுத்துக்கொண்டு, எண்ணிக்கை வேலையை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். கை வசதிக்கான ஏற்பாடு என்றே அவர்கள் இதைச் சொல்லக்கூடும். ஆயினும் யாருடன் இருக்கப்போகிறோம் என்பதை எண்ணி அதற்கேற்ப வேலையைத் தேர்வது, பெயரிடப்படாத ஓர் அறமே.

திரும்பத் திரும்பச் செய்யும் எளிய வேலையைப் புகழும்போது, ரவீந்திரநாத் தாகூர் எழுப்பிய மறுப்பைக் கடந்து போக முடியாது. 1925 செப்டம்பரில் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் இராட்டை வழிபாட்டைக் கண்டித்து அவர் எழுதிய கட்டுரையின் சாரம், ஒரே அசைவை ஓயாமல் செய்யும் கை, மனத்தையும் அதே தடத்தில் ஓடவைத்து மழுங்கடித்துவிடும் என்பதாகும். எல்லோரும் ஒன்றுபோல் நூற்பதால் நாடு விடுதலை பெறும் என்ற நம்பிக்கை, சிந்திக்கும் உரிமையைச் சுழலும் சக்கரத்திடம் ஒப்படைப்பதாக அவருக்குத் தோன்றியது. காந்தி ‘யங் இந்தியா’வில் அதே ஆண்டு நவம்பரில் எழுதிய மறுமொழியில், யாரும் தம் தொழிலை விட்டுவிட்டு நாள் முழுவதும் நூற்க வேண்டும் என்று தாம் கேட்கவில்லை என்றும், வேள்வியாக நாளுக்கு அரைமணி நேரம் தருவதையே கேட்பதாகவும் விளக்கினார். வேள்வி என்று அவர் குறித்தது, கீதையின் மூன்றாம் அத்தியாயம் பேசும் பொருளில், தனக்கென்று பயன் கருதாமல் பிறருக்காகச் செய்யும் செயலை. பையில் வைத்து எங்கும் கொண்டுபோகக்கூடிய தக்ளி என்னும் கைக்கதிரும், எரவாடா சிறைவாசத்தின்போது உருப்பெற்ற, மடித்துப் பெட்டியாக எடுத்துச் செல்லும் இராட்டையும் இந்த எண்ணத்தின் கருவிகள்; 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்று கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்த நாள்களிலும் அவர் நூற்பதை விட்டுவிடவில்லை.

இவ்விருவருள் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று தீர்ப்பளிப்பது இந்தச் சர்ச்சையின் ஆழத்தைக் குறைப்பதாகும். தாகூரின் அச்சம் மெய்யானது என்பதைப் பின்னாளில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல் தம் உடலாலேயே நிறுவினார். 1934-35-இல் பாரிசின் தொழிற்சாலைகளில் கூலித் தொழிலாளியாக அவர் சேர்ந்து உழைத்தபோது, உருப்படிக் கணக்கின் வேகம் சிந்தனையை அனுமதிப்பதில்லை என்பதையும், இயந்திரத்தின் தேவை கனவு காணவும் விடுவதில்லை என்பதையும் கண்டார். கவனம் முழுவதும் பிடுங்கப்பட்டு, எதற்கும் கொடுக்கப்படாத நிலை அது. அதே வெய்ல்தான் பிற்காலத்தில், கலப்பற்ற உச்சக் கவனமே ஜெபம் என்றும் எழுதினார். அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது: ஒரே அசைவு திரும்ப வருவதால் மனம் மழுங்குவதில்லை, அந்த அசைவின் வேகத்தை யார் வைத்திருக்கிறார்கள், நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. மேற்பார்வையாளரின் கடிகாரத்துக்கு ஓடும் கை அடிமைப்பட்ட கை. ரயிலில் குரோஷா போடும் கை, நிலையம் வந்ததும் நின்றுவிடக்கூடிய கை.

நிறுத்தும் உரிமை பற்றிய இந்த எண்ணம் ஆந்திரத்தின் கோதாவரிக் கரைக்கு இட்டுச் செல்கிறது. நரசாபுரம் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா, ஏழைப் பெண்களின் வீட்டு வேலையாக வேரூன்றி, மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தொழிலின் உள்ளமைப்பைத் திறந்துகாட்டினார். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாமல் இருப்பதைக் குடும்ப மானமாகக் கருதிய பெண்கள், நூலைத் தரகரிடம் வாங்கிப் பின்னிக் கொடுத்தார்கள். அவர்களுடைய உழைப்பு ‘ஓய்வுநேர வேலை’ என்று பெயரிடப்பட்டது. ஓய்வுநேர வேலைக்கு முறையான கூலி எதற்கு என்பதே அந்தப் பெயரின் உட்பொருள். கைவேலையை ஜெபத்தோடும் தியானத்தோடும் இணைத்துப் பேசுகிற எந்தக் கட்டுரையும், இந்தக் கட்டுரை உட்பட, அந்தப் பெண்களின் முன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அமைதி தருகிறது என்ற காரணத்தால் ஒரு வேலை மலிவாகிவிடக் கூடாது.

பொதுவிடத்தில் பின்னுவதற்கு உள்ள இன்னொரு பொருள் இங்கே வெளிப்படுகிறது. குரோஷா போலத் தோற்றமளிக்கும் இயந்திரத் துணி சந்தையில் உண்டு என்றாலும், அதன் பின்னல் வேறு. மெய்யான குரோஷாவைக் கையால்தான் போட்டாக வேண்டும். கடையில் தொங்கும் மேலாடையிலும், பூஜை அறைத் திரையிலும், தேவாலயப் பீடத்துணியின் விளிம்பிலும் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் ஏதோ ஒரு கை இழுத்திருக்கிறது என்பதை, அதைப் பார்ப்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு சுவருக்குள் நடக்கும் வேலையின் நேரம் யார் கண்ணிலும் படாது. ஈரோட்டிலிருந்து சென்னை வரும் வரை ஒரு பெண் விடாமல் பின்னியும் துணி ஒரு சாண் அளவே வளர்ந்திருப்பதைக் கண்ட சகபயணி, அதன்பின் அத்தகைய துணியின் விலையைக் கேட்டு ‘இதற்கா இவ்வளவு?’ என்று அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டார்.

ஆயினும் பொதுவிடத்தில் கைவேலை செய்வதே ஒருவரை நல்லவராக்கிவிடாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மாமன்றத்தின் பார்வையாளர் மாடங்களில் அமர்ந்து பின்னிய பெண்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. தலைவெட்டும் கருவியின் அருகிலும் அவர்கள் பின்னினார்கள் என்று பின்னர் பரவிய சித்திரத்தில் புனைவு எவ்வளவு கலந்திருந்தாலும், 1859-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் படைத்த மேடம் டெஃபார்ஜ், கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களைப் பின்னலிலேயே குறித்துவைக்கும் பாத்திரமாக உலகத்தின் மனத்தில் நின்றுவிட்டாள். அமைதியாக அசையும் விரல்களுக்குப் பின்னால் கருணையும் இருக்கலாம், கல்நெஞ்சும் இருக்கலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1998-இல் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கேலோ என்னும் இருவர் தொடங்கிய ‘ஜெபச் சால்வை’ இயக்கம், நோயாளிக்கோ துக்கத்தில் இருப்பவருக்கோ சால்வை பின்னும்போது அவரையே நினைத்து ஜெபிக்கச் சொல்கிறது. வேலை எதை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைக் கையே தீர்மானிக்க முடியாது, நெஞ்சுதான் தீர்மானிக்க வேண்டும் என்ற தெளிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

வழிபாட்டுக் கூடத்தில் சொற்பொழிவு நடக்கும்போது பின்னலாமா என்ற கேள்விக்கும் இதே வழியில்தான் விடை காண வேண்டியிருக்கிறது. கை அசைந்தால்தான் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நேச நாயனார் துணை நிற்பார். ஆனால் பேசுகிறவர் தன் பேச்சு செவியில் ஏறுகிறதா என்பதைக் கேட்பவரின் கண்ணில்தான் தேடுகிறார். மூன்று கரணங்களும் ஒத்து இயங்குவது பின்னுகிறவருக்குத் தெரியும், பேசுகிறவருக்குத் தெரியாது. பெருங்கூட்டத்தின் பின்வரிசையில் இது பொருட்டல்ல. இழவு வீட்டிலோ, மருத்துவ முடிவுக்காக ஒருவர் நடுங்கிக்கொண்டிருக்கும் இருக்கையின் அருகிலோ, அந்தத் தெரியாமையே ஒரு காயம். அங்கே ஊசியைப் பைக்குள் வைப்பதற்கு எந்தச் சாத்திரமும் தேவையில்லை.

ஊசியை வைப்பதையே சாத்திரமாக்கிய மரபும் ஒன்று உண்டு. யூதர்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி மறுநாள் இரவு வரை காக்கும் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளாக, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு 39 வகைகளை எண்ணுகிறது. அவற்றுள் நூல் நூற்றல், இரண்டு இழைகளை நெய்தல், இரண்டு தையல் போடுதல், முடிச்சிடுதல், முடிச்சை அவிழ்த்தல் ஆகியவை அடங்குவதால், குரோஷாவும் அந்நாளில் விலக்கப்பட்டதே. இதில் வியக்கத்தக்கது அந்த அளவு: முழு ஆடையோ ஒரு முழம் துணியோ தேவையில்லை, இரண்டே தையல் போட்டாலும் அது படைப்பு வேலையின் முழுத் தகுதி பெற்றுவிடுகிறது. நரசாபுரத்தின் தரகர் ஓய்வுநேரம் என்று தள்ளிவிட்டதை, இந்தச் சட்டம் உலகைப் படைத்தவன் ஓய்ந்த நாளில் விலக்கிவைக்கத்தக்க அளவுக்கு மெய்யான உழைப்பாக மதிக்கிறது. நெய்ததைப் பிரித்தலும் பட்டியலில் தனி வேலையாக எண்ணப்பட்டிருக்கிறது. ஆகவே வெள்ளி மாலை வேலையைச் சுருட்டிவைக்கும் நேரத்தில் மூன்று வரிசைகளுக்குக் கீழே ஒரு தவறு கண்ணில் பட்டாலும், சனி இரவு வானில் விண்மீன்கள் தெரியும்வரை அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.